மகரக்கட்டு: ஒரு குரல் உடைஞ்ச கதை

உச்சத்துல ஒலிக்கிற குரலுக்குத் தமிழ்ல எத்தனை வார்த்தை இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. கணீர்க் குரல், வெண்கலக் குரல், எட்டுக்கட்டை: இதெல்லாம் பாராட்டு. கீச்சுக்குரல்னா கேலி.

எனக்குப் பிடிச்சது 'கட்டை'. ஆர்மோனியத்துல விரலால அழுத்துறோமே, அந்தக் கட்டைதான். ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை சுருதியில பாடுவாங்க, பெண்கள் ஐந்து கட்டைப் பக்கம். ஆனா 'கட்டைக் குரல்'னு சொன்னா தடிச்ச, இறங்கின குரல்! ஒரே பேர்ல ரெண்டு வேரியபிள் வெச்ச மாதிரி.

இந்தச் சொற்களுக்கு மவுசு வந்ததுல நாடகக் கொட்டகைக்குப் பெரிய பங்கு உண்டு. மைக் கிடையாது. தரை டிக்கெட்ல கடைசியில உட்கார்ந்திருக்கிறவருக்கும் பாட்டு கேக்கணும். அதனால உச்சஸ்தாயிக்காரங்கதான் நட்சத்திரங்கள். எஸ்.ஜி.கிட்டப்பா அப்படித்தான் புகழ் பெற்றார். 1933ல இறந்தப்போ அவருக்கு வயசு 27தான். கே.பி.சுந்தராம்பாளும் அந்த மேடைகள்ல இருந்து வந்தவர்தான்.

பாய்ஸ் கம்பெனிகள்ல இன்னும் கடுமை. ஸ்திரீபார்ட்டும் பையன்கள்தான். 1930கள்ல யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையோட கம்பெனி நம்ம திண்டுக்கல்லுக்கு வந்தப்போ, புதுசா சேர்ந்த ஒரு சின்னப் பையனுக்குச் சீதை வேஷம் கிடைச்சது. பின்னாள்ல அவர் பேர் சிவாஜி கணேசன். சிங்கம் மாதிரி கர்ஜிச்ச அந்தக் குரல், நம்ம ஊர்ல சீதையா பாடியிருக்கு!

பையனுக்குப் பதிமூணு, பதினாலு வயசாகும்போது குரல் உடையும். அதுக்கு நாடகக்காரங்க வெச்சிருந்த பேர் 'மகரக்கட்டு'. இப்போ டாக்டர்கிட்ட கேட்டா, குரல்வளை வளருது, குரல்நாண் நீளுது, இயல்பான விஷயம்னு சொல்லிடுவார். அன்னைக்கு அது வேலை போற விஷயம். நேத்து வரைக்கும் கைதட்டு வாங்கின அதே உச்சம் இன்னைக்குக் கீச்சுனு பிசிறும். வேஷம் வேற பையனுக்குப் போயிடும். சாப்பாட்டுக்காகவே கம்பெனியில விட்ட பிள்ளைகள் நிறைய. அவங்கள்ல எத்தனை பேர் திரும்பி ஊருக்குப் போனாங்களோ!

மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில பாடிக்கிட்டிருந்த பி.யு.சின்னப்பாவுக்கும் இதுதான் நடந்தது. குரல் உடைஞ்சதும் கம்பெனியை விட்டுப் புதுக்கோட்டைக்குத் திரும்பினார். சும்மா இருக்கலை. சங்கீதம் கத்துக்கிட்டார், சிலம்பம் சுத்தினார். 1940ல 'உத்தமபுத்திரன்' வந்தப்போ இரட்டை வேஷம், பாட்டும் அவரேதான். உடைஞ்ச குரல்லதான்.