எத்தனை நாள்? பயணிகளைத் தனிமைப்படுத்தும் கால அளவு குறித்த விவாத வரலாறு

தொற்று உடலுக்குள் புகுந்த நாளுக்கும் முதல் அறிகுறி தோன்றும் நாளுக்கும் இடைப்பட்டது நோயரும்பு காலம். வந்திறங்கும் பயணியை எத்தனை நாள் நிறுத்திவைப்பது என்ற கேள்விக்கு அரசுகள் இதையே அடிப்படையாகக் காட்டி வந்திருக்கின்றன. ஆனால் அது எல்லாருக்கும் ஒன்றாக அமைவதில்லை. ஒரே நாளில் தொற்றியவர்களில் சிலர் மூன்றாம் நாளே படுத்துவிடுவர்; சிலருக்குப் பத்து நாள் கழித்தே காய்ச்சல் தொடங்கும். ஆகவே கதவை எந்த நாளில் திறப்பது என்பது மருத்துவக் கணக்கோடு முடிவதில்லை. மிஞ்சியிருக்கும் ஆபத்தில் எவ்வளவை ஊர் ஏற்கும், காத்திருப்பின் சுமையை யார் தலையில் ஏற்றுவது என்ற அரசியல் தீர்மானமும் அதில் கலந்தே இருக்கிறது.

நாள் கணக்கு, நோயரும்பு காலம் என்ற கருத்துக்கு வெகு காலம் முந்தியது. ஏட்ரியாட்டிக் கரையிலிருந்த ரகுசா நகரம் (இன்றைய துப்ரோவ்னிக்) 1377-இல் பிளேக் பரவிய ஊர்களிலிருந்து வருவோர் 30 நாள் வெளியே தங்கியிருக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. பிற துறைமுகங்களில் அது பின்னர் 40 நாளாக நீண்டது. இவை நோயை அளந்து பெற்ற எண்கள் அல்ல. பிளேக் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வெளிப்பட்டுவிடும். வணிகர்கள் தேவைக்கு மேல் பல மடங்கு காத்துக் கிடந்தார்கள்.

அளவை நோயிடமே கேட்டுப் பெறும் முறை 1846-இல் ஃபாரோ தீவுகளில் தெளிவாக உருப்பெற்றது. கோபன்ஹேகனிலிருந்து வந்த ஒரு தச்சரின் வழியாக அங்கே தட்டம்மை புகுந்தது. ஏறத்தாழ 7,800 பேர் வாழ்ந்த தீவுகளில் சுமார் 6,000 பேருக்கு நோய் கண்டது. டென்மார்க் அரசு அனுப்பிய இளம் மருத்துவர் பீட்டர் பானும் ஊர் ஊராகச் சென்று, யார் யாரை எந்த நாளில் சந்தித்தார் என்று விசாரித்தார். ஒரு கிராமத்திலிருந்து பத்து ஆண்கள் ஒரே படகில் ஜூன் 4-ஆம் நாள் வேறோர் ஊரின் திமிங்கில வேட்டைக்குப் போயிருந்தனர். ஜூன் 18-இல் பத்துப் பேருக்கும் தடிப்பு எழும்பியது. கடல் பிரித்துவைத்த சிற்றூர்களில் மக்கள் கலக்கும் நாள்கள் குறைவு என்பதால்தான் இத்தனை துல்லியமான கணக்கு கைகூடியது. தொற்றிலிருந்து தடிப்பு வரை பதின்மூன்று, பதினான்கு நாள் என்ற அவருடைய முடிவு இன்றும் நிற்கிறது.

இதே விசாரணை முறையை அமெரிக்க மருத்துவர் ஹென்றி ரோஸ் கார்ட்டர் 1898-இல் மிசிசிப்பியின் கிராமங்களில் மஞ்சள் காய்ச்சலுக்குக் கையாண்டார். தொற்றிய மனிதர் சில நாள்களிலேயே நோயுற்றார். ஆனால் ஒரு வீட்டின் முதல் நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடையே இரண்டு, மூன்று வாரம் கடந்தது. மனிதருக்கு வெளியே எங்கோ நோய் முதிர்கிறது என்பதற்கு அது சான்று. 1900-இல் வால்டர் ரீடின் குழு கியூபாவில் கொசுவே அந்த இடம் என்று நிறுவியது. பயணியை மட்டும் அடைத்துவைத்துப் பயனில்லை என்பதும் அதனால் விளங்கியது.

அறிவியல் இப்படி நகர, அரசுகள் வாணிபத்தை முன்னிட்டு வாதாடின. 1851-இல் பாரிஸில் தொடங்கிய பன்னாட்டுச் சுகாதார மாநாடுகளில் பிரிட்டன் நீண்டகாலம் கப்பல் தனிமைப்படுத்தலை எதிர்த்தது. இந்திய அரசின் சுகாதார ஆணையர் ஜே. எம். கன்னிங்ஹாம் காலரா ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் என்பதையே மறுத்தார். கட்டுப்பாட்டின் பளு எளியவர் மீதே விழுந்தது. செங்கடலின் கமரான் தீவில் மெக்காவுக்குச் செல்லும் ஏழை ஹஜ் பயணிகள் நிறுத்திவைக்கப்பட்டனர். இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களுக்கு இலங்கை அரசு இராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபத்தில் முகாம் நடத்தியது; அங்குள்ள ரயில் நிலையத்துக்கு இன்றும் ‘மண்டபம் கேம்ப்’ என்றே பெயர். 1951-இன் பன்னாட்டுச் சுகாதார விதிகள்தாம் எண்களை ஒரு நிலைக்குக் கொண்டுவந்தன: காலராவுக்கு 5 நாள், பிளேக், மஞ்சள் காய்ச்சலுக்கு 6, பெரியம்மைக்கு 14. 2003-இல் சார்ஸுக்கு 10 நாள் என்றும், 2014-இல் எபோலாவுக்கு 21 நாள் என்றும் கணக்கிட்டனர்.

கோவிட்-19 வந்தபோது உலகமே 14 நாள் என்றது. 2020 மார்ச்சில் வெளியான, 181 நோயாளிகளை ஆராய்ந்த ஆய்வு, நோயரும்பு காலத்தின் இடைநிலை அளவு சுமார் 5 நாள் என்றும், அறிகுறி காண்போரில் 97.5 விழுக்காட்டினருக்கு 11.5 நாளுக்குள் அது தோன்றிவிடும் என்றும் கணித்தது. 14 நாளுக்குப் பிறகு அறிகுறி காண்போர், கூடிப்போனால், நூற்றில் ஒருவர். அந்த ஒருவரை வைத்தே விவாதம் பெருத்தது. ஒரு சீன ஆய்வறிக்கையில் தென்பட்ட 24 நாள் என்ற எண், ஒற்றை விதிவிலக்கைக் குறித்ததாயினும், செய்திகளில் பெரும் அச்சத்தைக் கிளப்பியது. ஹாங்காங் 2020 டிசம்பரில் 21 நாளுக்குப் போனது.

பரிசோதனை இருக்க நாள் கணக்கு எதற்கு என்ற கேள்வி விமானத் துறையிலிருந்து எழுந்தது. வைரஸ் மூக்கிலும் தொண்டையிலும் பெருகிய பிறகே பிசிஆர் அதைக் காணும் என்பதே அதற்கு விடை. தொற்றிய மறுநாள் சோதித்தால் ஏறத்தாழ எல்லாருக்கும் ‘நெகட்டிவ்’ வரும். நான்காம் நாளிலும் மூவரில் இருவர் தப்புவர். எட்டாம் நாளில்தான் தவறு ஐந்தில் ஒன்றாகக் குறையும் என்று 2020-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் இந்தியா, பயணத்துக்கு 96 மணி நேரத்துக்குள் எடுத்த ‘நெகட்டிவ்’ சான்று இருந்தால் நிறுவனத் தனிமைப்படுத்தல் வேண்டாம் என்று விலக்களித்தது. சோதனைக்குச் சற்று முன்போ, விமான நிலையத்திலோ தொற்றியவரை அந்தச் சான்று தடுக்க முடியாது. அதற்கு முன்பு, மே மாத விதிப்படி, 7 நாள் சொந்தச் செலவில் முகாமிலும் 7 நாள் வீட்டிலும் இருக்க வேண்டியிருந்தது. வேலையிழந்து வளைகுடாவிலிருந்து திரும்பியவருக்கு அந்தச் சொந்தச் செலவு சிறியதல்ல.

எந்த நாளை முதல் நாளாகக் கொள்வது என்பது இன்னும் கடினமானது. யோகோஹாமாவில் நின்ற டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 2020 பிப்ரவரி 5 முதல் 14 நாள் எண்ணப்பட்டது. உள்ளே பரவல் முற்றிலும் நின்றிருந்தால்தான் அந்தக் கணக்கு பொருந்தும். கப்பலிலிருந்த 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று உறுதியானது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் தனிமைப்படுத்தல் விடுதியிலேயே ஒருவருக்குத் தொற்றியது. அடுத்தடுத்த அறைகளின் கதவுகள், 12-ஆம் நாள் சோதனைக்காக, ஒரு நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் திறக்கப்பட்டிருந்தன. அன்று அவருக்கு ‘நெகட்டிவ்’ வந்தது. வீடு திரும்பிய பிறகே நோய் தெரிந்தது.

நாளையும் சோதனையையும் இணைத்ததே நடைமுறையில் நிலைத்த தீர்வு. 2020 டிசம்பரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், தொற்றாளருடன் பழகியவர்களுக்குச் சோதனையின்றி 10 நாள், ‘நெகட்டிவ்’ முடிவுடன் 7 நாள் என்ற வழிகளை அறிவித்தது. அதனால் மிஞ்சும் ஆபத்து எவ்வளவு என்பதையும் வெளிப்படையாகச் சொன்னது. முழுப் பாதுகாப்பு என்று வாக்களிப்பதைவிட இது நேர்மையான அணுகுமுறை. நோயரும்பு காலம் மூன்று நாள் அளவுக்குச் சுருங்கிய ஒமிக்ரான் பரவியபோது பெரும்பாலான நாடுகள் தனிமைப்படுத்தலைக் கைவிட்டன. கடைசிவரை பிடித்துவைத்திருந்த சீனா 2023 ஜனவரி 8-இல் விலக்கியது. அதே வாரங்களில் அமெரிக்காவும் இந்தியாவும் சீனாவிலிருந்து வருவோரிடம் பரிசோதனைச் சான்று கேட்கத் தொடங்கின; வைரஸ் அந்தந்த நாட்டுக்குள்ளேயே பரவியிருந்த நிலையில், புதிய திரிபைக் கண்டறிவதே அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம்.