ஐந்து எழுத்தில் ஒரு வரலாறு



தாத்தாவின் பெட்டியில் இருந்த பழங்காசுகளை நெருக்கத்தில் படம் எடுக்க எந்த மைக்ராஸ்கோப் வாங்கலாம் என்று என்னிடம் படித்த பிள்ளை ஒருவர் கேட்டிருந்தார். பலருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன். வரலாற்று வாத்தியார் அல்லவா, கொஞ்சம் பின்னால் போய்த்தான் வருவேன்.

சங்க கால மன்னர்கள் தங்கள் பெயரில் காசு வெளியிட்டார்களா என்பதே ஒரு காலத்தில் சந்தேகமாக இருந்தது. பாட்டில் பாண்டியன் இருந்தான். அவன் பெயர் பொறித்த காசு கையில் இல்லை. 1980களில் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி, குதிரை உருவம் கொண்ட ஒரு சிறிய சதுரச் செப்புக் காசில் தமிழ்ப் பிராமி எழுத்துகளைப் படித்தார்: ‘பெருவழுதி’. மறுபக்கத்தில் மீன் சின்னம். ஐந்தே எழுத்து, சந்தேகம் தீர்ந்தது. பிறகு கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த சேரர் காசுகளில் ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’ என்ற பெயர்களும் தெரியவந்தன. மாக்கோதை வெள்ளிக் காசில் மன்னன் தலை இருக்கிறது. ரோமானியக் காசின் சாயல் அதில் நன்றாகவே தெரியும்.

இந்த எழுத்துகள் எல்லாம் காசின் பரப்பில் மயிரிழை மேடுகள். யாராவது ஒருவர் புளி போட்டுத் தேய்த்திருந்தால் பளபளப்பான செப்புத் துண்டுதான் மிஞ்சியிருக்கும். பெருவழுதி போயிருப்பான்.

இப்போது கருவிக்கு வருவோம். பள்ளி ஆய்வகத்தில் வெங்காயத் தோல் பார்த்தோமே, அந்த மைக்ராஸ்கோப் இதற்கு ஆகாது. அதில் வெளிச்சம் கீழிருந்து வரும்; காசு ஒளியை ஊடுருவ விடாது. லென்ஸும் காசை உரசும் அளவுக்கு நெருங்கிவிடும்.

தேவைப்படுவது ஸ்டீரியோ மைக்ராஸ்கோப். 10 முதல் 40 மடங்கு பெரிதாக்கிக் காட்டினால் போதும். லென்ஸுக்கும் காசுக்கும் இடையே ஏறக்குறைய 10 செ.மீ. இடைவெளி கிடைக்கும்; விளக்கை நம் விருப்பப்படி வைக்கலாம். கேமரா பொருத்த மூன்றாவது குழாய் உள்ள வகையாகப் பார்த்து வாங்குங்கள். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால், கணினியில் இணைக்கும் யு.எஸ்.பி. மைக்ராஸ்கோப்பே தொடக்கத்துக்குப் போதும். அட்டைப்பெட்டியில் ‘1000 மடங்கு’ என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். ஆடாத உலோகத் தாங்கி இருக்கிறதா, விளக்கைக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள். அதிகம் பெரிதாக்கினால் ஓர் எழுத்தின் கால் மட்டும் தெரியும், பெயர் தெரியாது. முழுக் காசையும் எடுக்க மேக்ரோ லென்ஸ்தான் நல்லது.

கருவியை விட வெளிச்சம் முக்கியம். லென்ஸைச் சுற்றியுள்ள வளைய விளக்கை அணைத்துவிட்டு, சிறு டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள். தேய்ந்த எழுத்தும் நிழல் தட்டி எழுந்து நிற்கும். காசைத் திருப்பித் திருப்பி நான்கு திசை வெளிச்சத்திலும் படம் எடுங்கள். ஒன்றில் மறைந்த கோடு இன்னொன்றில் தெரியும். பக்கத்தில் மி.மீ. அளவுகோல் இருக்கட்டும். எடை, கிடைத்த இடம், இரு பக்கப் படம் மூன்றையும் சேர்த்து எழுதி வையுங்கள். நிலத்தைத் தோண்டும்போது கிடைத்த புதையல் என்றால் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. கருவி வாங்கும் வரை காசைக் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், அமிலத்தில் போடாதீர்கள். ஒரு காகித உறையில் போட்டு ஈரம் படாமல் வைத்திருங்கள். இரண்டாயிரம் ஆண்டு காத்திருந்த எழுத்து இன்னும் இரண்டு மாதம் காத்திருக்கும்.