பர்மாவில் குடிமகன் யார்? ரங்கூன் தமிழர்களும் 1982 சட்டமும்

யாங்கோனில் ஒருவருடைய அடையாள அட்டை எண்ணைப் படிக்கத் தெரிந்துகொண்டால் அந்நாட்டுக் குடியியலில் பாதி விளங்கிவிடும். நம் பாட்டனார்கள் ரங்கூன் என்றழைத்த அதே ஊர்தான். எண் 12 என்று தொடங்கினால் யாங்கோன் பிராந்தியம். அடுத்து வருவது வட்டாரத்தின் சுருக்கப் பெயர். அதன்பின் அடைப்புக்குறிக்குள் ஒரு சிறு சொல் இருக்கும். 'நைங்' என்றிருந்தால் முழுக் குடிமகன், 'ஏ' என்றிருந்தால் இணைக் குடிமகன், 'ப்யு' என்றிருந்தால் குடியுரிமை வழங்கப்பட்டவர். அட்டையின் நிறமும் முறையே இளஞ்சிவப்பு, நீலம், பச்சை. பர்மிய மொழியில் 'ஏ' என்றால் விருந்தாளி. அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவரையும் ஆயுள் முழுக்க விருந்தாளியாக வைத்திருக்கும் அட்டை வேறெங்கும் உண்டா என்று தெரியவில்லை.

அமெரிக்காவில் வாழும் வாசகர்களுக்கு இது புதிராகப் படலாம். அங்கே 1868இல் சேர்க்கப்பட்ட 14ஆம் திருத்தம் பிறந்த மண்ணைக் கொண்டு குடியுரிமையை வரையறுக்கிறது. பர்மாவில் மண் போதாது. பெற்றோர் யார், அவர்களின் பெற்றோர் யார் என்று கேள்வி பின்னோக்கிப் போகும்.

எவ்வளவு தூரம் போகும்? 1982 அக்டோபரில் வந்த குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு அதற்கு ஓர் ஆண்டைச் சொல்கிறது: 1823. கச்சின், கயா, கரேன், சின், பர்மர், மொன், ராக்கைன், ஷான் ஆகியோரும், அந்த ஆண்டுக்கு முன்பே நிலையாகக் குடியேறிய பிற இனத்தவரும் நாட்டினத்தார். முதல் ஆங்கிலோ-பர்மியப் போர் 1824இல் தொடங்கியது. வெள்ளைக்காரன் வந்த பிறகு வந்தவர்கள் எல்லாரும் வெளியாட்கள் என்பதே இதன் பொருள். அரசு பின்னர் ஏற்றுக்கொண்ட 135 இனங்களின் பட்டியலில் தமிழர் இல்லை. கொன்சேடான் வீதியின் காளி கோயில் 1871இல் எழுந்தது. சட்டத்தின் கணக்கில் அதுவும் தாமதம்தான்.

ஆரம்பத்தில் நிலைமை இப்படி இல்லை. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1948 ஜனவரி 4 அன்று சுதந்திரம் பெற்றது. 1947 அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு இந்தியர்களுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் பிறந்தவர், பத்தாண்டுகளில் எட்டாண்டு பர்மாவில் வசித்திருந்து, இனியும் இங்கேயே வாழ விரும்புவதாகத் தெரிவித்தால் குடியுரிமை கோரலாம். அந்தப் பத்தாண்டுகளைச் சுதந்திர நாளிலிருந்தோ 1942 ஜனவரி 1 என்ற நாளிலிருந்தோ பின்னோக்கி எண்ணலாம். 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் ரங்கூனில் விழுந்தபின் கால்நடையாக ஓடியவர்களுக்கு அந்த இரண்டாவது தேதி பெரிய உதவி. அதை எழுதியவர்களின் பெருந்தன்மையை மறக்கக்கூடாது. அதே 1948இல் இலங்கை, தன் தோட்டத் தொழிலாளரிடம் தந்தை அங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டு, அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஆனால் திறந்த கதவின் வழியே பலர் நுழையவில்லை. ஊரில் நிலமும் உறவும் இருக்க, எந்த நாட்டைத் தேர்வது என்ற தயக்கம் ஒருபுறம். மனுக் கொடுத்து ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் மறுபுறம். 1962 மார்ச் 2 அன்று நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகள் நாட்டுடைமையாயின, 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. அந்த அறுபதுகளில் ஏறத்தாழ மூன்று லட்சம் இந்தியர் வெளியேறினர். சென்னையின் பர்மா பஜாரும் மணிப்பூர் எல்லையில் மோரே தமிழர்களும் அந்தக் கதையின் மிச்சம்.

தங்கியவர்களை 1982 சட்டம் மூன்றாகப் பிரித்தது. அதற்குள் குடிமகனாகிவிட்டவர் குடிமகனாகவே நீடித்தார். 1948 சட்டப்படி மனுச் செய்து முடிவுக்காகக் காத்திருந்தவர் 'ஏ' ஆனார். மனுவே கொடுக்காதவர், தானோ தன் முன்னோரோ 1948 ஜனவரி 4க்கு முன்பே வந்து வசித்ததற்கு மறுக்க முடியாத சான்று காட்டினால் 'ப்யு' ஆகலாம். நாட்டின் மொழிகளில் ஒன்றை நன்றாகப் பேசவும் வேண்டும். குண்டுவீச்சிலும் ஓட்டத்திலும் பெட்டி படுக்கையையே விட்டு வந்தவரிடம் காகிதம் கேட்டால் அவர் எங்கே போவார்?

வேறுபாடு வெறும் பெயரளவில் இல்லை. பிறப்பால் குடிமகனானவரைத் தவிர மற்றவர்களின் குடியுரிமையை அரசு தன் நலன் கருதி ரத்து செய்யலாம். 2008 அரசியலமைப்பின் 120ஆம் பிரிவுப்படி மக்கள் அவைக்குப் போட்டியிடுபவரின் தாய், தந்தை இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும். அந்த அவையின் 440 இடங்களில் 110ஐ, தேர்தல் இல்லாமலே, ராணுவத் தலைமைத் தளபதி நிரப்புவார். மேலவையில் 224க்கு 56. அரசியலமைப்பின் முக்கியப் பிரிவுகளைத் திருத்த 75 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு வேண்டும் என்பதால், ராணுவம் சம்மதிக்காமல் எதுவும் நகராது. இந்தக் கணக்கும் போதாமல்தான், புதிய நாடாளுமன்றம் கூடவிருந்த 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவமே ஆட்சியைக் கைப்பற்றியது. 1982 சட்டம் எல்லா ஆட்சி மாற்றங்களையும் கடந்து நிற்கிறது.

சட்டத்திலேயே ஒரு வழியும் உண்டு. 'ஏ', 'ப்யு' குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை முழுக் குடிமகனாகலாம். ஆனால் பேரனின் அட்டை இளஞ்சிவப்பாக வேண்டுமானால் தாத்தாவின் அட்டை எடுத்துக் காட்டப்பட வேண்டும். ஆகவே அந்த வீடுகளில் தகரப் பெட்டிக்குள் நகைக்குப் பக்கத்தில் பழைய பதிவுத் தாள்களும் பத்திரமாக இருக்கின்றன.