ஒருவர் கையில் இருந்த வேலை பலர் கைக்குப் போன கதை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

நம் கையில் இருக்கும் ஒவ்வொரு அன்ட்ரொய்ட் போனுக்குள்ளும் லினக்ஸ் கர்னல் என்ற ஒன்று வேலை செய்கிறது. கெமரா, திரை, பற்றரி, நினைவகம் எல்லாவற்றையும் ஆளும் அடித்தளம் அது. அதை எந்தக் கம்பனியும் தனியாகச் செய்யவில்லை. பல நாடுகளில் இருக்கும் ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே எழுதி வருகிறார்கள். இத்தனை பேர் கை வைக்கும் வேலை குழம்பாமல் நிற்பது எப்படி? இரண்டு தடவை அது குழம்பத்தான் பார்த்தது.

1991 ஓகஸ்டில், பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஓர் ஒப்பரேட்டிங் சிஸ்டம் எழுதி வருவதாக இணையத்தில் அறிவித்தார். வயது 21. அடுத்த மாதமே நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டார். பிழை கண்டவர்கள் திருத்தி அனுப்பத் தொடங்கினார்கள்.

முழு நிரலையும் அனுப்புவதில்லை. எந்த வரியை எடுத்துவிட்டு எந்த வரியைப் போட வேண்டும் என்பதை மட்டும் மின்னஞ்சலில் அனுப்புவார்கள். அதற்குப் பெயர் பேட்ச். லினஸ் வாசித்துப் பார்த்து நல்லதைச் சேர்ப்பார். பதில் வராவிட்டால் திரும்ப அனுப்ப வேண்டியதுதான்.

1994இல் முதலாவது முழுமையான பதிப்பு வந்தபோது நிரல் ஏறத்தாழ 1,76,000 வரிகள். அதன் பிறகு வேலை பெருகியது. வாசல் மட்டும் ஒன்றுதான்.

1998இல் அது வெடித்தது. பலர் அனுப்பிய திருத்தங்கள் லினஸின் பெட்டிக்குள்ளேயே தொலைந்தன. டேவிட் மில்லர் போன்றோர் தனிப் பிரதி ஒன்றில் திருத்தங்களைச் சேர்த்து வைத்தார்கள். வாக்குவாதம் முற்றியது. லினஸ் கோபத்தோடு சில நாட்கள் ஒதுங்கிக்கொண்டார். வேலை பெருகிய அளவுக்கு லினஸ் பெருகவில்லை என்பதுதான் அப்போது லாரி மெக்வோய் என்பவர் சொன்னதன் சாரம். லினஸின் திறமையில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. எல்லாம் அவர் ஒருவரைக் கடந்தே போக வேண்டும் என்பதுதான் நோயாக இருந்தது.

2002இல் மெக்வோயின் கம்பனி தயாரித்த பிட்கீப்பர் என்ற மென்பொருளை லினஸ் பயன்படுத்தத் தொடங்கினார். ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பான பராமரிப்பாளர் தன் பிரதியைத் தானே வைத்திருப்பார். அதில் சேர்ந்த திருத்தங்களை லினஸ் மொத்தமாக எடுத்துக்கொள்வார். வேகம் கூடியது. ஆனால் பிட்கீப்பர் அந்தக் கம்பனியின் சொத்து. நிபந்தனையோடுதான் இலவசமாகத் தந்தார்கள். திறந்த வேலையைப் பூட்டிய பெட்டிக்குள் வைக்காதீர்கள் என்று பலர் எச்சரித்தார்கள்.

2005 ஏப்ரலில் அது நடந்தது. அவுஸ்திரேலியரான அன்ட்ரூ ட்ரிஜெல் பிட்கீப்பரோடு பேசக்கூடிய தன் சொந்த மென்பொருள் ஒன்றை எழுத முயன்றார். கம்பனி இலவச அனுமதியை நிறுத்தியது.

லினஸ் கர்னல் வேலையை நிறுத்திவிட்டு, ஏப்ரல் 3ஆம் திகதி தானே ஒரு கருவி எழுத உட்கார்ந்தார். அதுதான் கிட். சில நாட்களிலேயே கிட் தன் சொந்த நிரலைத் தானே பராமரிக்கும் நிலைக்கு வந்தது. ஜூன் மாதம் கர்னலின் 2.6.12 பதிப்பு கிட்டைக் கொண்டு வெளியானது. ஜூலையில் கிட்டின் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்துவிட்டார். இன்றைக்கும் அது அவர் கையில்தான். 1998இல் கற்ற பாடம் இந்த ஒப்படைப்பில் தெரிகிறது.

இதற்கிடையில் இன்னொரு சோதனை. 2003இல் எஸ்.சி.ஓ. என்ற கம்பனி, தன் நிரல் லினக்ஸுக்குள் கலந்துவிட்டது என்று சொல்லி ஐ.பி.எம். மீது வழக்குப் போட்டது. இந்த வரி யாரிடமிருந்து, யார் வழியாக வந்தது என்ற கேள்விக்கு அப்போது ஒழுங்கான பதிவு இல்லை. 2004இல் லினஸ் ஒரு விதி கொண்டுவந்தார். திருத்தத்தை எழுதியவர், இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்று பெயரிட்டு ஒப்பமிட வேண்டும். அதை வாங்கி மேலே அனுப்பும் ஒவ்வொருவரும் கீழே தன் பெயரைச் சேர்க்க வேண்டும்.

வாசிக்கும்போது நமக்கு அறிவிப்பாளர் வரிசை நினைவுக்கு வரும். அந்தஸ்தில் ஒப்பிடவில்லை, முறையைத்தான் சொல்கிறேன். செய்தி மட்டும் போதாது, அது யார் யார் வழியாக வந்தது என்பதும் தெரிய வேண்டும் என்ற சிந்தனை நமக்குப் புதிதல்ல.

இன்றைய ஒழுங்கு இதுதான். எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்ற பெயர்ப்பட்டியல் நிரலோடே இருக்கிறது. திருத்தம் முதலில் அந்தப் பகுதியின் பராமரிப்பாளரிடம் போகும், அவரிடமிருந்து அவருக்கு மேலுள்ளவரிடம், கடைசியில் லினஸிடம். புதியவை சேர இரண்டு வாரம் மட்டும் வாசல் திறக்கும். பிறகு பல வாரங்களுக்குப் பிழை திருத்தம்தான். வாசல் திறந்த பிறகு மோதிக்கொள்ளாமல் இருக்க, எல்லோருடைய பிரதிகளையும் முன்கூட்டியே சேர்த்துப் பார்க்கும் ஏற்பாட்டை 2008இல் ஸ்டீபன் ரொத்வெல் தொடங்கினார். யாருடைய திருத்தம் யாருடையதை உடைக்கும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஏற்கனவே ஒருவருக்கு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததைப் புதிய திருத்தம் கெடுத்தால், அது எவ்வளவு அழகான திருத்தமானாலும் கெடுத்தது பிழைதான்.

2018 செப்டம்பரில் லினஸ், சக உழைப்பாளிகளிடம் தான் பேசிய கடும் வார்த்தைகளுக்குப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சில வாரங்கள் விலகி இருந்தார். 1998இல் அவர் விலகியபோது எல்லோரும் திகைத்தார்கள். இம்முறை கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் பொறுப்பெடுத்தார். ஒக்டோபரில் 4.19 பதிப்பு வெளியானது.

இருபது வருடத்தில் அவர்கள் சம்பாதித்தது இதைத்தான்.

நம் ஊரில் நல்ல மனிதர்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் ஒருவர் வெளிநாடு போனதும் நின்றுபோன நூலகம், ஒருவர் மௌத்தானதும் கணக்கே தெரியாமல் போன சங்கம் எல்லா ஊரிலும் உண்டு. சாவியும் கொப்பியும் ஒரே வீட்டில் இருந்தால், அந்த வீட்டுக்காரர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் வேலை ஆபத்தில்தான் இருக்கிறது. பொறுப்பு அமானிதம். தனக்குப் பிறகு யாரிடம், எந்தப் பதிவோடு ஒப்படைப்பது என்று யோசிப்பதும் அந்த அமானிதத்தில் சேர்ந்ததுதான்.

அடுத்த கூட்டத்தில் புதிய தலைவர் யார் என்று கேட்பதற்கு முன், இப்போது இருப்பவர் நாளை இல்லாவிட்டால் இந்த வேலை நடக்குமா என்று ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம்.