தேர்வும் தவணையும்: திருச்சிராப்பள்ளியில் மேற்பட்டப் படிப்பின் தகுதிவிதிகள் வளர்ந்த வகை

மேற்பட்டப் படிப்பில் புகுந்த மாணாக்கன் ஒருவன் இடைவழியில் தளர்ந்துபோனால் அவனைக் கலாசாலை என்ன செய்கிறது என்னும் வினா சிறியதாகத் தோன்றினும், ஒரு பல்கலைக்கழகம் தன் கடமையென எதைக் கருதுகிறது என்பதைப் பட்டமளிப்பு விழாச் சொற்பொழிவுகளைக் காட்டிலும் அவ்வினாவுக்கு அது தரும் விடையே தெளிவாகப் புலப்படுத்தும். குறை இன்னதென்று சொல்லி, திருந்துதற்குத் தவணையும் தந்து, பின்னும் திருந்தாதவனை நீக்குவது ஒரு முறை. காரணம் கூறாமலே திருப்பியனுப்புவது மற்றொரு முறை. எச்சரிக்கையுமின்றி நீக்கமுமின்றி, ஆண்டுக்கணக்காக வாயிலிலேயே நிற்கவிடுவது மூன்றாவது. திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் இம்மூன்றும் வெவ்வேறு காலங்களில் வழங்கியிருக்கின்றன. நியாயமானதென்று எவரும் ஒப்பும் முதல் முறை, இந்நாட்டுச் சர்வகலாசாலை விதிகளில் மிகப் பிந்தியே இடம்பெற்றது என்பதும், பெற்ற பின்னரும் அது பாதியளவே நிறைவேறியுள்ளது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

பழைய வைதிகக் கல்வியில் தகுதிகாணும் காலம் இல்லாமலில்லை. ஸ்ரீரங்கத்தில் எழுந்தருளியிருந்த இராமாநுஜர், மந்திரப் பொருளைக் கேட்பதற்காகத் திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்தார் என்றும், பதினெட்டாம் முறையே அப்பொருள் அவருக்கு உபதேசிக்கப்பட்டது என்றும் குருபரம்பரை நூல்கள் கூறும். அதே நூல்களில், அவ்வளவாகப் பேசப்படாத மற்றொரு செய்தியும் உண்டு. சரம சுலோகத்தின் பொருளைக் கேட்க வந்த கூரத்தாழ்வானுக்கு, ஓராண்டு அடிமைசெய்து தகுதியைக் காட்ட வேண்டும் என்னும் நியமத்தை இராமாநுஜர் எடுத்துரைக்க, ஓராண்டு உயிரோடிருப்பது நிச்சயமோ என்று சீடர் வினவ, ஒரு மாத உபவாசம் அதற்கு ஈடாகும் என்று ஆசாரியர் இசைந்தார் என்பது அது. இவற்றைச் சரித்திரச் சான்றாகக் கொள்ளாமல் சம்பிரதாயத்தின் மனப்போக்கைக் காட்டும் கதைகளாகவே கொண்டாலும், இரண்டுக்கும் உள்ள வேற்றுமை கருதத்தக்கது. முன்னதில், இன்னும் எத்தனை முறை வரவேண்டும் என்பதைச் சீடர் அறியார். பின்னதில் காலவரையும் நிபந்தனையும் முன்கூட்டியே சொல்லப்பட்டன. மாணாக்கரின் முறையீட்டுக்குச் செவிசாய்த்து நிபந்தனை மாற்றவும்பட்டது. அடியார்கள் முன்னதையே உருகிச் சொல்வர். விதி வகுப்போர் பயில வேண்டியதோ பின்னது.

1857-இல் சென்னைச் சர்வகலாசாலை லண்டன் சர்வகலாசாலையின் மாதிரியில் அமைக்கப்பட்டபோது, அது கற்பிக்கும் இடமாக அன்றிப் பரீட்சிக்கும் இடமாகவே பிறந்தது. கற்பிப்பது கல்லூரிகளின் வேலை; வினாத்தாள் சென்னையிலிருந்து வரும்; விடைத்தாள் சென்னைக்குப் போகும். 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883-இல் திருச்சிராப்பள்ளிக்குப் பெயர்ந்த புனித சூசையப்பர் கல்லூரியும், 1919-இல் கல்லூரியாக உயர்ந்த நேஷனல் கல்லூரியும், 1923-இல் பெண்களுக்கெனத் தோன்றிய ஹோலி கிராஸ் கல்லூரியும் இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே வளர்ந்தன. இதில் மாணவனைக் காக்கும் ஒரு நன்மை உண்டு: உள்ளூர் ஆசிரியரின் விருப்புவெறுப்பு மதிப்பெண்ணைத் தீண்டாது. ஆயினும் தளர்ந்தவனை இடையில் நிறுத்தி, உன் குறை இது என்று சொல்லும் பொறுப்பு எவருக்கும் இல்லாமற்போயிற்று. ஆசிரியருக்கு அதிகாரமில்லை, அதிகாரமுள்ள பரீட்சகருக்கோ மாணவனின் முகமே தெரியாது. தவறியவன் கட்டணம் கட்டி மறுபடி எழுதலாம், மறுபடியும் எழுதலாம். “பி.ஏ. ஃபெயில்” என்பதைப் பட்டம்போலப் பெயருக்குப் பின்னே எழுதிக்கொண்ட தலைமுறையை நம் நாட்டில் உண்டாக்கியது இந்த ஏற்பாடே. அதைப் பார்த்து நகைத்தவர்கள், நகைப்புக்கு உரியவர் எழுதியவரா எழுதவைத்தவரா என்று எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இவ்வேற்பாட்டின் இரு முகங்களையும் ஒரே மனிதரின் வாழ்வில் காணலாம். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் 1904-இல் சேர்ந்த சீனிவாச இராமாநுஜன், கணிதமல்லாத பாடங்களில் தவறி உபகாரச் சம்பளத்தை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவேயில்லை. தேறாதவருக்கு மேற்கொண்டு கல்லூரிப் படிப்பில் வழியில்லை. சென்னைத் துறைமுகத்தில் அவர் குமாஸ்தாவாக அமர்ந்தபோது அங்கே கணக்குத் துறையில் மேலதிகாரியாக இருந்து, மாலைவேளைகளில் உடனிருந்து அவர் கணக்குகளை ஆராய்ந்த எஸ். நாராயணய்யர், முன்னாளில் திருச்சிராப்பள்ளிப் புனித சூசையப்பர் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். நம் ஊர்க் கல்லூரியின் கணித மரபு, பரீட்சை கைவிட்ட ஒருவரை அடையாளம் கண்டு தாங்கியதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டுவதில்லை.

பிறகு நிகழ்ந்ததே நம் விஷயத்துக்கு மிகவும் இன்றியமையாதது. 1913-இல் கணிதப் பாடத்திட்டக் குழுவின் பரிந்துரையின்மேல், மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டுகளுக்கு ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் இராமாநுஜனுக்கு வழங்கச் சர்வகலாசாலை தீர்மானித்தது. எந்தப் பட்டமும் இல்லாத ஒருவருக்கு இவ்வாறு வழங்க அதன் விதிகளில் நேரடியான இடமில்லை. சட்டத்தின் பொதுவான நோக்கத்தைத் துணைக்கொண்டும், ஆளுநர் அவையின் இசைவைப் பெற்றுமே வழங்கப்பட்டது. அதனோடு ஒரு நிபந்தனையும் சேர்க்கப்பட்டது: மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தாம் செய்த வேலையைப் பற்றி அவர் அறிக்கை தர வேண்டும். 1913 ஆகஸ்டு, நவம்பர், 1914 மார்ச்சு ஆகிய மாதங்களில் மூன்று அறிக்கைகளைத் தந்துவிட்டு, அதே மார்ச்சு மாதத்தில் அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். தொகையீடுகளின் மதிப்பைக் காண அவர் கையாண்ட, இன்று அவர் பெயராலேயே வழங்கும் தலைமைத் தேற்றம் விளக்கமுற்றது அவ்வறிக்கைகளிலேதான்.

தகுதிகாண் காலம் என்பது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இங்கே ஒரு முன்மாதிரி இருக்கிறது. நுழைவில் தளர்வு, நடப்பில் கண்டிப்பு, காலவரை தெளிவு, அறிக்கை எழுத்தில், படிப்பவர்கள் அத்துறை அறிந்தவர்கள். பரீட்சையையே தன் உயிராகக் கொண்டிருந்த ஒரு நிறுவனம், பரீட்சையால் அளக்க முடியாத ஒருவர் எதிர்ப்பட்டபோது, தன்னையறியாமலே மேலான ஒரு முறையைக் கண்டுபிடித்தது. அதைப் பொதுவிதியாக்காமல் விட்டது நமது துர்ப்பாக்கியம்.

இடைப்பட்ட காலத்தை விரைந்து கடக்கலாம். 1904-ஆம் ஆண்டுச் சட்டம் சர்வகலாசாலைகள் ஆராய்ச்சியையும் போதனையையும் மேற்கொள்ள இடம் தந்தது. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னையைத் திருத்தியமைத்தது. ஆனர்ஸ் தேறியவர் மேற்படிப்பின்றியே கட்டணம் செலுத்தி எம்.ஏ. ஆகும் வழக்கமும் இருந்தது. எலி கார்த்தானிடம் பாரிஸில் கணிதம் ஆராய்ந்து பட்டம் பெற்ற பாதிரியார் ராசீன், 1937-இல் இந்தியா வந்து, சென்னை லயோலாவுக்குச் செல்வதற்குமுன் புனித சூசையப்பர் கல்லூரியில் கற்பித்தார். பின்னாளில் சி. எஸ். சேஷாத்ரி, எம். எஸ். நரசிம்மன் போன்றோரை ஆராய்ச்சியின்பால் செலுத்திய அவர் பணி, மதிப்பெண் பட்டியலைவிட ஆசிரியரின் கண்ணே நம்பத்தக்கது என்பதற்குச் சான்று. ஆனால் அக்கண்ணுக்கு விதியில் இடமில்லை.

இடம் கிடைத்தது 1978-இல். 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரிக் குழு பரிந்துரைத்தபடி, தமிழ்நாட்டில் முதன்முதலாகத் தன்னாட்சி பெற்ற கல்லூரிகளுள் புனித சூசையப்பர் கல்லூரியும் ஒன்று. கற்பிப்பவரே பாடம் வகுத்து, அவரே மதிப்பிடும் முறை திருச்சியில் அன்று தொடங்கியது. 1982-இல் சென்னையினின்று பிரிந்து பாரதிதாசன் பல்கலைக்கழகம் உருவானபின், இவ்வட்டாரக் கல்லூரிகள் அனைத்துக்கும் தலைமையிடம் அருகே வந்தது. தேர்வு பருவந்தோறும் வந்தது. ‘இன்டர்னல்’ மதிப்பெண் வந்தது. முதுகலையில் தேர்ச்சிக்கு 50 விழுக்காடு என்பது நிலைபெற்றது. வருகைப்பதிவிலும் படிகள் ஏற்பட்டன: 75 விழுக்காடு இருப்பின் தேர்வெழுதலாம், சற்றே குறைந்தால் கட்டணம் செலுத்தி மன்னிப்புப் பெறலாம், மிகக் குறைந்தால் அப்பருவத்தையே மீண்டும் படிக்க வேண்டும்.

ஆனால் தேறாத பாடத்தின் கதி என்ன? அமெரிக்கக் கலாசாலைகளில் மேற்பட்ட மாணவனின் சராசரி, நான்குக்கு மூன்று என்னும் அளவுக்குக் கீழே போனால், எழுத்துமூலம் எச்சரித்து, ஒன்றிரண்டு பருவம் தவணை தந்து, மீளாவிடில் நீக்குவது பெருவழக்கு. நம் கலைக்கல்லூரிகளில் அந்த இடத்தில் இருப்பது ‘அரியர்’. அரியர் எவரையும் நீக்குவதில்லை, எச்சரிப்பதுமில்லை. முதற்பருவத்தில் தவறியவன் அச்சுமையோடே நான்காம் பருவம்வரை நடக்கலாம். பழைய “ஃபெயில்” மரபே வேறு பெயரில் வாழ்கிறது என்று கொள்வதில் தவறில்லை. இதில் ஏழை மாணவனுக்கு ஓர் இரக்கம் உண்டென்பதை மறுக்கவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே எழுதித் தேறியவர் திருச்சியில் பலர். எனினும் இரக்கம் வேறு, அக்கறை வேறு. 2020 ஆகஸ்டில், கொள்ளைநோய்க் காலத்தில், கட்டணம் செலுத்தியிருந்த அரியர் மாணவர்களைத் தேறியவராகக் கொள்வதாக மாநில அரசு அறிவித்ததும், பல்கலைக்கழக மானியக் குழு அதை ஏற்க மறுத்ததும், வழக்கு உயர் நீதிமன்றம் சென்றதும் யாவரும் அறிந்ததே. அவ்வளவு அரியர்கள் சேரும்வரை அம்மாணவர்களை அழைத்துப் பேசியவர் யார் என்று அந்த ஆரவாரத்தில் கேட்டவர் அரியர்.

ஆராய்ச்சிப் பட்டத்தில் மட்டும் நிலை வேறாயிற்று. மானியக் குழு 2009-இல் வகுத்து, 2016-இலும் 2022-இலும் மாற்றியமைத்த குறைந்தபட்சத் தர விதிமுறைகள், சேர்வதற்கு முதுகலையில் 55 விழுக்காடும், நுழைவுத் தேர்வும், சேர்ந்தபின் பாடப்பயிற்சியில் 55 விழுக்காடும் வேண்டும் என்றன. 2016-ஆம் ஆண்டு விதியின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்றாண்டு, மிகுதியாக ஆறாண்டு. பெண்களுக்கும், நாற்பது விழுக்காட்டுக்கு மேற்பட்ட உடற்குறையுடையோருக்கும் மேலும் ஈராண்டு. மகப்பேற்றுக்காக 240 நாள்வரை விடுப்பு. 2022-ஆம் ஆண்டு விதி எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திவிட்டது, ஓராண்டில் எழுதிய சிற்றாய்வேட்டைக் கொண்டே கல்லூரி ஆசிரியரான தலைமுறைக்கு அது வருத்தமே தந்திருக்கும்.

இவற்றுள் முதன்மையானது ஆய்வு ஆலோசனைக் குழு பற்றிய பிரிவு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வாளர் குழுவின் முன் தோன்றித் தம் வேலையை விளக்க வேண்டும். முன்னேற்றம் போதாதெனின், குழு காரணங்களைப் பதிவு செய்து, திருத்தும் வழியையும் கூற வேண்டும். ஆய்வாளர் அதை நிறைவேற்றத் தவறினால் மட்டுமே, குறிப்பான காரணங்களுடன் பதிவை நீக்கப் பரிந்துரைக்கலாம். 1913-இல் ஒருவருக்கென அமைந்த காலாண்டு அறிக்கை, ஒரு நூற்றாண்டுக்குப் பின் அரையாண்டு அறிக்கையாக எல்லோர்க்கும் பொதுவிதியாயிற்று என்று கூறலாம்.

ஆயினும் விதியின் எழுத்து வேறு, அறையின் நடப்பு வேறு. பல இடங்களில் அரையாண்டுக் கூட்டம் தேநீரோடு முடிந்து, குறிப்பேட்டில் “திருப்திகரம்” என்னும் ஒற்றைச் சொல்லோடு அடங்குகிறது. ஆறாம் ஆண்டில், அத்தனை திருப்திக்குப் பிறகு, ஆய்வேடு இல்லை என்பது தெரியவருகிறது. அப்போது தகுதியற்றவராகத் தோன்றுபவர் ஆய்வாளர் மட்டுமே. மாதக்கணக்காக இயல்களைப் படியாமல் மேசையில் வைத்திருந்த நெறியாளரை ஆராய அந்தப் பிரிவில் ஒரு வாக்கியமும் இல்லை. பேராசிரியர் எட்டுப் பேர், இணைப் பேராசிரியர் அறுவர், உதவிப் பேராசிரியர் நால்வர் என முனைவர் பட்ட ஆய்வாளரின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியதோடு நெறியாளரைப் பற்றிய கண்டிப்பு ஏறத்தாழ நின்றுவிடுகிறது.

ஆகவே பாரதிதாசன் பல்கலைக்கழகமும் இவ்வட்டாரத் தன்னாட்சிக் கல்லூரிகளும் மானியக் குழுவின் அடுத்த திருத்தத்துக்குக் காத்திராமல், தம் அதிகாரத்துக்குட்பட்டே இரண்டு காரியங்களைச் செய்யலாம். அரையாண்டுக் குறிப்பில், ஆய்வாளர் தந்த எழுத்துகள் இன்ன தேதியில் பெறப்பட்டு இன்ன தேதியில் திருத்தித் தரப்பட்டன என்பதை நெறியாளர் கையொப்பத்தோடு பதிய வேண்டும். அக்குறிப்பின் நகல் ஒன்றை அன்றே ஆய்வாளர் கையில் கொடுக்க வேண்டும். முதுகலையில், முதற்பருவத்திலேயே இரண்டு பாடங்களுக்கு மேல் தவறியவரைத் துறைத்தலைவர் அழைத்துப் பேசி, பேசியதை எழுதிவைக்கும் கடமையையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம். இவற்றுக்குப் புதிய சட்டமும் வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை.