குருதிக்குழாய் அழற்சியும் சிறுநீரகமும்: நோய் அறியப்பட்ட வரலாறு

வாஸ்குலைட்டிஸ் எனப்படும் குருதிக்குழாய் அழற்சி, பெரும்பாலும் உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் குருதிக்குழாய்களையே தாக்குவதால் வருகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் கிளாமருலஸ்கள் உள்ளன. அவை நுண்குழாய்களால் ஆன முடிச்சுகள் என்பதால், சிறு குழாய்களைத் தாக்கும் வகைகளில் சிறுநீரகம் எளிதில் சிக்கிக்கொள்கிறது. பெரும்பாலும் வலி இருப்பதில்லை. சிறுநீரில் இரத்தமும் புரதமும் கசியத் தொடங்கும், அவ்வளவே.

1866இல் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் அடால்ஃப் குஸ்மால், ருடால்ஃப் மையர் ஆகிய இருவரும் இளம் தையல் தொழிலாளி ஒருவரின் நோயை விவரித்து எழுதினர். இறந்தபின் அவர் உடலை ஆராய்ந்தபோது தமனிகளில் முடிச்சு முடிச்சாக வீக்கம் காணப்பட்டது. கட்டுரையின் நீண்ட தலைப்பிலேயே 'பிரைட் நோய்' என்ற சொல் இருந்தது. சிறுநீரக நோய்க்கு அன்று வழங்கிய பெயர் அதுதான். குஸ்மால் கண்டது நடுத்தரத் தமனிகளின் நோய் எனப் பின்னாளில் தனியே பிரிக்கப்பட்டது.

மூக்கு, நுரையீரல், சிறுநீரகம் மூன்றையும் சேர்த்துத் தாக்கும் நோயை 1931இல் ஹைன்ஸ் கிளிங்கரும், 1936இலும் 1939இலும் பிரீட்ரிக் வெக்னரும் விவரித்தனர். முன்னவரை உலகம் மறந்தது. வெக்னர் பெயரே நோய்க்கு நிலைத்தது. அவரோ நாஜிக் கட்சி உறுப்பினர். போர்க்காலத்தில் ஜெர்மானியர் பிடியிலிருந்த போலந்து நாட்டு லோட்ஸ் நகரில் பணியாற்றியவர். இது தெரியவந்தபின் 2011இல் அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் அப்பெயரை நீக்கின. நீக்கியது சரியே. ஆனால் கிரானுலோமட்டோசிஸ் வித் பாலிஆஞ்சைட்டிஸ் என்ற புதுப்பெயர் வாயில் எளிதில் நுழைவதில்லை. ஜிபிஏ என்றே சுருக்கிச் சொல்கிறார்கள்.

சிகிச்சை பெறாதவர்கள் சராசரியாக 5 மாதங்களே வாழ்ந்தனர் என 1958இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பலரின் உயிரைப் பறித்தது சிறுநீரகச் செயலிழப்பே. நிலைமையை மாற்றியவர்களுள் ஒருவர் நமக்குத் தெரிந்தவர்தான்: கொரோனா காலத்தில் நாள்தோறும் செய்தியில் வந்த அந்தோனி ஃபௌசி. சைக்ளோபாஸ்பமைடும் ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுத்த 85 நோயாளிகளைப் பற்றி அவர் குழு 1983இல் எழுதியது. 93 விழுக்காட்டினருக்கு நோய் முழுமையாக அடங்கியது. முதல் உலகப்போரில் வீசப்பட்ட கடுகு வாயுவின் இரசாயன வழியில் வந்த மருந்து அது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் உள்ளிட்ட பக்கவிளைவுகளும் உடன்வந்தன.

தன் வெள்ளணுக்களையே தாக்கும் 'ஆன்கா' என்ற எதிர்ப்பொருள் 1982இல் ஆஸ்திரேலியாவில், கிளாமருலஸ் அழற்சி கொண்ட 8 நோயாளிகளிடம் கண்டறியப்பட்டது. 1985இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதை வெக்னர் நோயுடன் இணைத்துக் காட்டினர். அதன்பிறகு, சிறுநீரகம் தழும்பேறும் முன்பே நோயை ஐயுறுவதற்கு ஓர் இரத்தப் பரிசோதனை கிடைத்தது. சைக்ளோபாஸ்பமைடுக்கு மாற்றாக ரிட்டுக்சிமாப் என்ற மருந்தும் 2011 முதல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டுள்ளது. தழும்பாகிவிட்ட கிளாமருலஸை மீட்கும் மருந்து இன்றும் இல்லை. தாமதமாக வருபவர்களில் பலர் டயாலிசிஸையே நம்பியிருக்க நேர்கிறது.