ஒலித்தட்டும் லயன் சுவரும்

ஒலித்தட்டின் வரலாற்றை எழுதுவோர் பாடகரையும் பாடலையும் பேசுவர்; கருவி தங்கிய தளத்தையும் சுவரையும் பேசுவது அரிது. ஊவாத் தோட்டங்களைப் பொறுத்தவரை இவையும் வரலாற்றுச் சான்றுகளேயாம்.

புகையிரதப் பாதை 1924இல் பதுளையை எட்டியது. அக்காலக் கிராமபோன் சுருள்வில்லால் இயங்கியது. அதன் உருக்கு ஊசி தட்டின் பள்ளத்தைக் கனமாக அழுத்தி ஓடியமையால், சிறு அதிர்வுகள் பொருட்டாகவில்லை. 1948இல் அமெரிக்காவில் நீள்நேர ஒலித்தட்டு வெளிவந்தபின் நிலை மாறியது. நுண்பள்ளத்தில் ஊசி மெல்லெனப் படிய வேண்டியதாயிற்று. ஊசி உணர்ந்த அசைவு அனைத்தையும் மின்பெருக்கி பெரிதாக்கிற்று. ஒலிபெருக்கியின் அதிர்வு தளத்தின் வழியே ஊசியை மீண்டும் அடைந்து இரைச்சலாயிற்று. 1961இல் எட்கர் வில்ச்சர் உருவாக்கிய கருவியில் சுழல்தட்டும் ஊசிக்கையும் ஒரே சட்டத்தில் இணைக்கப்பட்டு விற்சுருள்களால் தாங்கப்பட்டன. இன்று விற்கப்படும் இறப்பர்ப் பாதங்களின் நோக்கமும் அதுவே.

ஆயினும் இத்தீர்வு தனிவீட்டை முற்கோளாகக் கொண்டது. பலகைத் தளம் காலடிக்குத் துள்ளும். பழைய லயன்களின் சாணம் மெழுகிய மண்தரையோ துள்ளாது. ஆகவே குறை தரையில் இல்லை. அடுத்தடுத்த குடும்பங்கள் பகிர்ந்த சுவரிலேயே இருந்தது. ஒரு காம்பராவின் பாட்டு மறு காம்பராவின் உறக்கத்தைத் தொட்டது. விடியலில் பிரட்டுக்கு அழைத்த தப்போ எல்லாச் சுவர்களையும் ஊடுருவுதற்கென்றே அறையப்பட்டது.

ஊசிக்கு அமைதி தேடிய நூற்றாண்டில் தொழிலாளிக்கு அவ்வமைதி வாய்க்கவில்லை. விரும்பிய ஒலியைக் கேட்பதும் விரும்பாததை விலக்குவதும் வீட்டுரிமையோடு பிணைந்தவை. எனவே மலையகத்தின் இசை வரலாறு அதன் குடியிருப்பு வரலாற்றோடு சேர்த்தே எழுதப்படல் வேண்டும்.